நாவின் இன்பமும் மனச்சான்றும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் குடியிருப்பு ஒன்றில் அன்பியக் கூட்டம். செபமாலையும் நற்செய்திப் பகிர்வும் முடிந்து கடுங்காப்பி வந்த வேளையில், பேச்சு நம் பயணத்தின்பால் திரும்பிற்று. நம் குருத்துவ வெள்ளி விழாவுக்கென, சிங்கப்பூரில் வாழும் தமையனார் மகன் நம்மை அங்கு அழைத்து, ஓர் உல்லாசக் கப்பலில் நான்கு நாள் தன் குடும்பத்தோடு வைத்திருந்தான். அதிலிருந்து திரும்பி ஒரு மாதமே ஆகியிருந்தது. கப்பலுக்கு எத்தனை மாடி, கடலில் ஆடுமா, உள்ளே கோவில் உண்டா என்றெல்லாம் மக்கள் வினவினர். சாப்பாடு எப்படி என்று ஒருவர் கேட்டபோது, அங்கு உண்ட சிங்கி இறாலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொன்னோம். நாற்பது ஆண்டுகளாகக் காப்பிப் பழம் பறித்துவரும் மூதாட்டி ஒருவர் அனைத்தையும் கேட்டிருந்துவிட்டு, "நல்லா இருந்துச்சா சாமி?" என்றார்.

எளிய கேள்விதான். விடை சொல்ல நமக்குச் சற்று நேரம் பிடித்தது. "என்னவோ இருந்தது அம்மா, நம்ம ஊர் ரசத்துக்கு ஈடாகுமா?" என்று சொல்லவே முதலில் நா எழுந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அவ்வுணவு மிக நன்றாகவே இருந்தது. "ருசியாத்தான் இருந்தது அம்மா" என்று உண்மையைச் சொல்லிவிட்டோம். அவரும் மனம் மகிழ்ந்து சிரித்தார். ஆயினும் அந்தத் தயக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. உண்டதைச் சொல்ல ஒரு குரு ஏன் கூசவேண்டும்? வீடு திரும்பி நெடுநேரம் சிந்தித்ததில், நம்முள் இருந்தது ஒரு கூச்சம் அன்று, இரண்டு கூச்சங்கள் என்பது புலனாயிற்று. அவற்றுள் ஒன்று பொய்யானது, மற்றது மெய்யானது. இரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையில் வாழ்வோருக்குக் கடல் தொலைவானது. சேர்வராயன் மலைத்தொடரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கு வரவேண்டும். சேலமோ கடல் காணாத மாவட்டம். மேட்டூர் அணை மீன்தான் நம் பகுதியினருக்குப் பழகிய மீன். கடல்மீன் பனிக்கட்டிப் பெட்டியில் அடைபட்டு மலையேறி வந்தால் உண்டு. நாம் பிறந்தது சமவெளியில் ஓர் உழவர் குடும்பத்தில். சளி பிடித்தால் அன்னையார் வைத்துத் தரும் வயல் நண்டுச் சாறு, மழைக்காலத்துக் கருவாட்டுக் குழம்பு ஆகிய இவ்விரண்டுமே ஓடும் செதிலும் உள்ள உயிர்களோடு நமக்கிருந்த உறவு.

அத்தகைய நம்மைக் கொண்டுபோய் அக்கப்பலின் உணவுக்கூடத்தில் அமர்த்தினார்கள். பனிக்கட்டிப் படுகையின்மேல் நண்டு, இறால், சிப்பி, மட்டி, கணவாய் என வரிசை வரிசையாக அடுக்கியிருந்தனர். சிங்கி இறாலை நெடுக்காகப் பிளந்து, வெண்ணெயும் பூண்டும் இட்டுச் சுட்டு, ஓட்டோடு தட்டில் வைத்தார்கள். காலை உடைக்க ஒரு குறடு. சதையைத் தோண்ட நீண்டு மெலிந்த ஒரு முள்கரண்டி. அவற்றைக் கையாளும் முறையைத் தமையனாரின் ஒன்பது வயதுப் பேரன் நமக்குக் கற்றுத்தந்தான். வெள்ளை வெளேரென்ற அச்சதையில் இலேசான இனிப்பு. மெல்லும்போது இளநீர் வழுக்கையின் மென்மையும் சற்றே இழுப்பும். ஐம்பத்துமூன்று வயதுவரை அப்படி ஒன்றை நம் நா அறிந்ததில்லை. இத்தகைய பயணங்கள் நம் வாசகர்களுக்கு இனி வேற்றுலகச் செய்தியும் அல்ல. 2022 சூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் ஒன்று பயணம் தொடங்கியதை அறிவோம்.

முதலில் பொய்யான கூச்சத்தைப் பார்ப்போம். இறைவனை நாடுவோர் உணவில் இன்பம் காணலாகாது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஆழமாக வேரூன்றியுள்ளது. சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழினை மனப்பாடம் செய்தபோது, போசனப்பிரியம் என்ற சொல் நம் செவியில் விழுந்தது. பிரியமாய் உண்பதே பாவம் என்று அன்றே தவறாகப் பொருள் கொண்டோம். விவிலியம் அவ்வாறு போதிக்கவில்லை. லேவியர் நூல் சிறகும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்களை விலக்கியது உண்மையே. அச்சட்டப்படி நம் தட்டிலிருந்த இறால், நண்டு, சிப்பி யாவும் தீட்டுள்ளவை. ஆனால் உள்ளே செல்வது மனிதரைத் தீட்டுப்படுத்துவதில்லை என ஆண்டவர் கற்பித்தார் என்று மாற்கு எழுதுகிறார். யோப்பா நகரில் பேதுரு கண்ட காட்சியில் எல்லா உயிர்களும் ஒரு விரிப்பில் இறங்கி வந்தன. அக்காட்சியின் நோக்கம் உணவைக் கடந்தது என்பதையும் இங்கே கருதவேண்டும். அதன் பயனாகப் பேதுரு போய்ச் சேர்ந்தது புறவினத்தவரான கொர்னேலியுவின் வீட்டுக்கு. உணவின் வேலி விழுந்தபோது மனிதருக்கிடையே நின்ற வேலியும் விழுந்தது. இந்தக் கருத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

நம் ஆண்டவரையே போசனப்பிரியர் என்று அவருடைய பகைவர் ஏசினர். விருந்துகளுக்குப் போகாதவரை எவரும் அப்படி ஏசமாட்டார்கள். உயிர்த்தெழுந்தபின் தாம் ஆவி அல்லர் என மெய்ப்பிக்க அவர் கேட்டு உண்டது ஒரு துண்டு மீன். திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடருக்காகக் கரியடுப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். உலக மீட்பர் தம் கையால் சமைத்ததாக நாம் படிக்கும் உணவு கடலுணவே.

புனித தோமா அக்குவினார் மட்டுத்திட்டம் என்னும் நற்பண்பை ஆராயும்போது, அதற்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக உணர்வற்றிருத்தலையும் வைக்கிறார். உயிர் வாழத் தேவையான செயல்களோடு இன்பத்தை இணைத்திருப்பது இயற்கை ஒழுங்கு. உயரிய நோக்கம் ஏதுமின்றி அவ்வின்பத்தை வெறுத்து ஒதுக்குவது அவ்வொழுங்குக்கு எதிரானது என்பது அவர் கருத்து. குருமடத்தில் இதைப் படித்தபோது நம் வகுப்பே வியப்புற்றது. புனித அகுஸ்தினார் இதில் சற்று அஞ்சுகிறார். பசி என்னும் நோய்க்கு உணவை மருந்தாக உட்கொள்ள விரும்பும் அவர், தேவை எங்கு முடிகிறது, இன்பம் எங்கு தொடங்குகிறது என்று காண இயலாமல் தம் அறிக்கைகளின் பத்தாம் நூலில் தவிக்கிறார். அந்தத் தவிப்பு நேர்மையானது. எனினும் அவரும் உணவைக் குறை கூறவில்லை, தம் உள்ளத்தையே ஐயுறுகிறார்.

அப்படியானால் போசனப்பிரியம் என்பதுதான் யாது? புனித பெரிய கிரகோரியார் வகுத்து, தோமா அக்குவினார் ஏற்றுக்கொண்ட ஐந்து வழிகள் உள்ளன. நேரத்துக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவுக்கு மிஞ்சி உண்பது, வெறியோடு உண்பது, சமையலில் மிகுநயம் வேண்டி அடம்பிடிப்பது. ஐந்தில் ஒன்றுதான் அளவைப் பற்றியது. பழைய சோற்றில் உப்பு ஒரு கல் குறைந்ததற்காக மனைவியை ஏசுபவர் போசனப்பிரியர் ஆகலாம். சிங்கி இறாலை மகிழ்வோடு உண்டு எழுபவர் ஆகாதிருக்கலாம். எனவே அந்த மூதாட்டியின் முன் ருசியை மறைக்க நினைத்த கூச்சம் பொய்யானது. அதன் அடியில் இருந்தது தவம் அன்று. தவசிபோல் தோன்றும் ஆசை.

இனி, மெய்யான கூச்சம். விருந்து நடந்த நாள் வெள்ளிக்கிழமை. தட்டு வந்தபின்தான் அது நம் நினைவுக்கு வந்தது. "மீன் வகைதானே சித்தப்பா, சுத்தபோசனத்துக்குக் குறையில்லையே" என்று மகன் சொன்னான். சட்டப்படி அவன் சொன்னது சரி. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் தவம் பற்றிய ஆவணத்தின் வாயிலாக ஒழுங்குகளைப் புதுப்பித்தபோதும் விலக்கு இறைச்சிக்குத்தான் இருந்தது. ஆயினும் எளிமை வேண்டியும், நம் ஆண்டவரின் பாடுகளில் சிறிது பங்கேற்கவும் ஏற்பட்ட நாள் அது. நம் அன்னையார் வெள்ளியன்று மீனையும் தவிர்த்து, கீரையும் மோரும்தான் வைப்பார். நாமோ ஆட்டிறைச்சியைவிடப் பன்மடங்கு விலையுள்ள ஒன்றை உண்டு, சட்டத்தைக் காத்து நாளை இழந்தோம். சட்டத்தின் எழுத்து எவ்வளவு எளிதாக நம்மைத் தூங்கவைக்கிறது!

இந்த எண்ணத்தோடு சிலுவை அடையாளம் வரைந்து உண்ணத் தொடங்கினோம். அதைக் கவனித்த பரிமாறும் இளைஞர் அருகில் வந்து, "நீங்க ஃபாதரா?" என்று தமிழில் கேட்டார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். ஒன்பது மாத ஒப்பந்தம். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஏழு மாதமும் திருப்பலி காணவில்லை என்றார். தட்டைப் பார்த்துச் சிரித்து, "எங்க அப்பா இதப் பிடிக்கத்தான் போவாரு ஃபாதர்" என்றார். "அப்படியானால் வீட்டில் அடிக்கடி சமைப்பீர்களா?" என்று கேட்டோம். "இல்ல ஃபாதர். நல்ல சைஸ் கிடைச்சா ஏஜெண்ட் எடுத்துருவாரு. வீட்டுக்குச் சாளையும் நெத்திலியும்தான். கால் ஒடிஞ்சு விலை போகாதது இருந்தா அம்மா குழம்பு வைப்பாங்க" என்றார். அடுத்த மேசையில் அழைத்தார்கள். நின்றபடியே தலைகுனிந்து ஆசீர் பெற்றுக்கொண்டு விரைந்தார்.

தட்டில் இன்னும் பாதி இருந்தது. என்ன செய்வது? தொண்டையில் இறங்க மறுத்தது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாயிருக்கும். உண்மை அதுவன்று. விட்டு எழுந்தால் அது குப்பைக்குப் போகும். அந்த இளைஞர் கையாலேயே போகும். அவருடைய தந்தை இரவெல்லாம் கடலில் கிடந்து பிடித்துவரும் ஒன்றை அவர் கண் முன்னே வீணாக்குவது மற்றுமோர் அவமதிப்பு. எனவே ஒரு துணுக்கும் மிச்சம் வையாமல் உண்டோம். முதற்பாதியைவிட மெதுவாக உண்டோம். சுவை குறையவில்லை. ஆனால் அதுவரை அச்சுவைக்குப் பின்னால் எவரும் இருப்பதாக நாம் நினைத்திருக்கவில்லை. இப்போது ஒரு முகம் இருந்தது.

லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் செல்வன் திருடியதாக ஆண்டவர் சொல்லவில்லை. இலாசரை அடித்து விரட்டியதாகவும் சொல்லவில்லை. நாள்தோறும் நன்றாக விருந்துண்டான், வாயிலில் ஒருவன் கிடந்தான், அவ்வளவே. அவனுடைய குற்றம் நாவில் இல்லை, கண்ணில் இருந்தது. கொரிந்து நகரத் திருச்சபையைப் பவுல் அடிகளார் கடிந்துகொண்டதும் இதற்காகவே. ஆண்டவரின் விருந்துக்கெனக் கூடிய இடத்தில் ஒருவர் பசித்திருக்க, மற்றவர் வயிறு புடைக்க உண்டு குடித்தனர். உடன் இருப்பவரைக் காணாமல் உண்ணும் விருந்து ஆண்டவரின் விருந்து ஆகாது என்றார் அவர்.

இன்றைய நிலையில் ஒரு வேறுபாடு உண்டு. இலாசர் இப்போது வாயிலில் இல்லை. ஆயிரம் கல் தொலைவில், நம் கண்ணுக்கு எட்டாத கரையில் இருக்கிறார். அதனால் செல்வனுக்கு நல்லதொரு சாக்குக் கிடைத்துவிட்டது. அத்தொலைவைக் கடந்து சற்றே நோக்குவோம்.

தஞ்சைக் கழிமுகப் பகுதியில் 1990களில் இறால் பண்ணைகள் பெருகின. வயலோரம் உப்புநீர் தேங்கியது, குடிநீர் கெட்டது, நிலமற்ற கூலியாட்கள் வேலை இழந்தார்கள். காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும் அம்மக்களோடு நின்றனர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் மரபுவழி அல்லாத இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பிறகு 2005இல் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றி, பண்ணைகள் பதிவுபெற்று நடக்க வழிசெய்தது. 2008இல் அவ்விருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தது. இன்று நகரத்து உணவகங்களில் எளிதாய்க் கிடைக்கும் வளர்ப்பு இறாலுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை உண்டு.

வெளிநாட்டிலோ இதைவிடக் கொடிய காட்சி. மியான்மர் முதலிய நாடுகளிலிருந்து ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள், இந்தோனேசியாவின் பென்ஜினா என்னும் தீவில் கூண்டில் அடைபட்டும் மீன்பிடி படகுகளில் அடிமைகளாகவும் வாழ்ந்ததை 2015இல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் வெளிக்கொணர்ந்தனர். அதன் பயனாக 2,000க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அவர்கள் பிடித்த மீன் பெரிய நாடுகளின் கடைகளில் எந்த அடையாளமும் இன்றி விற்கப்பட்டது. உண்டவர் எவருக்கும் தீய எண்ணம் இருந்திருக்காது. தெரியாது, அவ்வளவே.

புனித சவேரியார் 1542இல் கால்வைத்த முத்துக்குளித்துறை முதல் கன்னியாகுமரியின் மேற்குக் கரைவரை, நம் நாட்டின் கடலுணவை வலையில் ஏந்திவருவோருள் பெருந்தொகையினர் நம் விசுவாசச் சகோதரர்களே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் திரும்பவே இல்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகளில் வெற்றுப் படத்துக்கு முன்னே மெழுகுதிரி எரிந்தது. நாம் அப்போது மலைமேல் குளிருக்குப் போர்வை போர்த்தி, திருவருகைக் காலத்தைத் தொடங்க ஆயத்தமானோம்.

பரிமாறுவோரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கடல்சார் தொழிலாளர் பற்றிய 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. அது வேலைநேரத்துக்கு விதித்த உச்சவரம்பு நாளொன்றுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி. தொழிலாளரைக் காக்க வகுத்த எல்லையே இவ்வளவு என்றால், அக்காவல் இல்லாத காலத்தில் எப்படி இருந்திருக்கும்! 2020இல் பெருந்தொற்று வந்தபோது, பயணிகள் இறங்கி வீடு போய்ச் சேர்ந்த பின்னும் கப்பல் பணியாளர்கள் பல மாதம் கடலிலேயே சிக்கியிருந்தனர். இத்தகையோருக்காகவே 1920இல் கிளாஸ்கோ நகரில் நம் திருச்சபையின் கடலோடிகள் பணிக்குழு தோன்றியது. சூலைத் திங்கள் இரண்டாம் ஞாயிறைக் கடலோடிகளுக்காக நாம் ஒதுக்குகிறோம். மலைநாட்டுப் பங்குகளில் அதை எத்தனை முறை நினைவுகூர்ந்தோம்? நாம் ஒருமுறையும் செய்ததில்லை.

வாயில்லா உயிரையும் மறப்பதற்கில்லை. ஓடுடைய இவ்வுயிர்கள் வலி உணரும் என்று கருதி, சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் இடுவதை ஸ்விட்சர்லாந்து 2018இல் தடைசெய்தது. நம் நடுவண் அரசும் 2003இல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை வரையறுத்து, குஞ்சுப் பருவத்தில் பிடிப்பதைத் தடுக்க முயன்றது. இறுதியாக வருவது மிச்சம். கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்கு அப்பால், 25 மில்லிமீட்டர் துளை வழியே போகுமளவு அரைத்த உணவுக் கழிவைக் கப்பல்கள் கடலில் கொட்டப் பன்னாட்டு விதி பொதுவாக இடம் தருகிறது. கடல் தந்ததைப் பிடித்து, சமைத்து, அலங்கரித்து, தொடாமல் விட்டு, அரைத்துக் கடலுக்கே திருப்புகிறோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்டபோது, சிலர் மிகைக்கூற்று என நினைத்தனர். அக்கூடத்தில் பாதி உண்டு ஒதுக்கிய தட்டுகள் தள்ளுவண்டியில் போவதைப் பார்த்த நமக்கு அப்படித் தோன்றவில்லை.

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழும். "இதையெல்லாம் எண்ணி நான் உண்ணாமல் விட்டால், அந்த மீனவருக்கு என்ன நன்மை? விற்பனையால்தானே அவர் அடுப்பு எரிகிறது?" என்பது முதல் தடை. இது நியாயமானது. எல்லாரும் சிங்கி இறாலை வெறுத்தால் அந்த இளைஞரின் தந்தைக்குத்தான் முதல் இழப்பு. விலக்குவது மட்டுமே நீதி ஆகாது. விலையில் உழைத்தவருக்கு உரிய பங்கு போகிறதா, கடலில் போனவர் திரும்பி வர ஏற்பாடு உண்டா, நிலமும் நீரும் கெடாமல் விளைந்ததா என்று கேட்கும் மக்கள் பெருகினால்தான் வணிகரும் அரசும் செவிசாய்ப்பர். உண்பவர் கேட்காதவரை விற்பவர் சொல்லவேண்டிய தேவை எழுவதில்லை.

"ஒவ்வொரு கவளத்தின் வரலாற்றையும் ஆராய்ந்துகொண்டிருந்தால் மனிதர் உண்ண முடியுமா?" என்பது இரண்டாம் தடை. முடியாது, இறைவன் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. அறிய முடியாமை குற்றமன்று என்பதை ஒழுக்க இறையியல் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அறிய வழியிருந்தும் அறிய விரும்பாமை வேறு. அமைதியாக உண்பதற்காகவே தெரிந்துகொள்ளாமல் இருப்பது குற்றத்தைக் குறைப்பதில்லை, சில வேளைகளில் கூட்டுகிறது. நமக்கு நினைவுக்கு வருவது பழந்தமிழர் வாழ்வு. தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் மீன் நெய்யும் நறவும் மாற்றிச் சென்றதைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. மலைபடு பொருளும் கடல்படு பொருளும் அன்றும் கைமாறின. ஆனால் கொடுத்தவரும் கொண்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். இன்று பொருள் நெடுந்தொலைவு போகிறது. முகம் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இதை ஏற்காட்டு மக்களாகிய நாம் பிறரைவிட நன்கு உணரமுடியும். அதை நமக்கு உணர்த்தியவரும் அந்த மூதாட்டியே. ருசியைப் பற்றிக் கேட்டுச் சிரித்தவர், காலிக் குவளைகளை அடுக்கிக்கொண்டே இன்னொன்று கேட்டார்: "அந்தக் கப்பல்ல நம்ம காப்பி கொடுத்தாங்களா சாமி?"

நமக்குத் திடுக்கென்றது. நாள்தோறும் காலையில் மேல்தளத்தில் அமர்ந்து, கடலைப் பார்த்தபடி காப்பி அருந்தினோம். அது எம்மலையில் விளைந்தது என்று ஒருமுறையும் எண்ணவில்லை. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று தொட்டு, தலைமுறை தலைமுறையாய்ச் சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களும் பனியில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, சரிவில் நின்று பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாய்ப் பறிக்கிறார்கள். அவர்கள் பறித்தது பொடியாகி, பெயர் மாறி, எந்த நாட்டு எவர் மேசைக்குப் போகிறதென்று அவர்களுக்குத் தெரியாது. அருந்துபவருக்கும் இவர்களைத் தெரியாது. எங்கேனும் ஒரு கடற்கரை ஊரில் சிங்கி இறால் பிடிப்பவர் நம் காப்பியைக் குடிக்கலாம். மலைமேல் நாம் அவர் பிடித்த மீனைத் தின்னலாம். இருவரும் ஒரே உணவுச் சங்கிலியின் இரண்டு முனைகளில் இருக்கிறோம். இடையில் எவருக்கோ விருந்து நடக்கிறது.

பிறர் நமக்குச் செய்யவேண்டும் என விரும்புவதை நாமும் பிறருக்குச் செய்யவேண்டும் என்னும் பொன்விதி இங்கே மிகவும் எளிதாகிவிடுகிறது. தான் பறித்த காப்பியைக் குடிப்பவர் தன்னை ஒரு நொடியாவது நினைக்கவேண்டும் என்று அந்த மூதாட்டி விரும்புகிறார். அவருடைய கேள்வியில் குறை இல்லை, புகார் இல்லை. அந்த விருப்பம் மட்டுமே இருந்தது. அதையே கடல்மேல் இருப்பவரும் விரும்பமாட்டாரா? பேதுரு கண்ட விரிப்பு நினைவுக்கு வருகிறது. எல்லா உணவையும் உண்ணும் உரிமை திருச்சபைக்குக் கிடைத்தது, எல்லா மனிதரின் வீட்டு வாயிலையும் மிதிக்கும் கடமையோடு சேர்த்துத்தான். உரிமையை நாம் நன்றாகப் பற்றிக்கொண்டோம்.

ஆகவே நம் மக்களுக்குச் சொல்ல நம்மிடம் பெரிய திட்டம் ஏதுமில்லை. விருந்தில் அமரும்போது உண்டு முடிக்கக்கூடிய அளவே எடுத்துக்கொள்வோம். பரிமாறுபவரின் ஊரையும் பெயரையும் கேட்போம். மீன் வாங்கும்போது எக்கரையிலிருந்து வந்தது என்று ஒரு சொல் வினவுவோம்; கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதையும், அந்த 61 நாளில் எத்தனையோ வீடுகளில் வருமானம் சுருங்குவதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் இருப்போர், விட்ட உணவின் விலையை உண்டியலில் இடும் பழைய வழக்கத்தை மீட்போம். பகிர்ந்துண்பதை வள்ளுவர் அறங்களின் தலையில் வைத்தார். பகிர்வதற்கு முதற்படி, யாரோடு என்று காண்பது. இவற்றையெல்லாம் செய்தபின் சிங்கி இறால் கிடைத்தால் நன்றி சொல்லி மகிழ்ந்து உண்போம். கண்ணோடு உண்பவரின் மகிழ்ச்சியை எந்தச் சட்டமும் குறை கூறாது.

திருப்பலியில் அப்பத்தை ஒப்புக்கொடுக்கும்போது, நிலத்தின் விளைவோடு மனித உழைப்பையும் சேர்த்தே இறைவன்முன் உயர்த்துகிறோம். இருபத்தைந்து ஆண்டுகளாக நாள்தோறும் அதைச் சொல்லிவந்தும், உணவு மேசைக்கு வந்ததும் உழைப்பை மறந்துவிட்டோம். அதே திருப்பலியின் தொடக்கத்தில், செய்தவற்றுக்கு மட்டுமன்றிச் செய்யாமல் விட்டவற்றுக்காகவும் மார்பில் அறைந்து மன்னிப்புக் கேட்கிறோம். அந்தக் கப்பலில் நாம் உண்டது பாவமன்று. பரிமாறிய இளைஞரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். அது இன்றும் உறுத்துகிறது. அவருடைய தந்தைக்காகத் திருப்பலியில் வேண்டும்போது, பெயரின்றியே வேண்டிக்கொள்கிறோம்.

மூதாட்டிக்கும் அன்று உண்மையையே சொன்னோம்: "தெரியலை அம்மா, நான் கேட்கலை." அவர் குவளைகளை எடுத்துக்கொண்டு எழுந்தபடி, "அடுத்த தடவை போனா கேளுங்க சாமி" என்றார்.